கடைமடைக்கு வந்த ஹைடெக் லேப்

"டீச்சர், இந்த எலக்ட்ரான் எல்லாம் இ.பி. ஆபீஸ்லேருந்தா வருது?"

ஒன்பதாம் வகுப்பு அறிவியல், மின்னூட்டமும் மின்னோட்டமும் பாடம். ஹைடெக் லேப் என்கிற பள்ளிக் கணினி அறையின் திரையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கம்பிக்குள் நீல உருண்டைகள் வரிசையாக நகர்ந்தன, பல்பு எரிந்தது, பின்னால் மெல்லிசாக ஒரு இசை. முப்பது பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். முழுதாக ஓடவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகச் சொல்லியிருப்பார்கள், மணியும் அடித்திருக்கும். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னதால்தான் பாதியில் நிறுத்தினேன். அந்த அரை நிமிஷ அமைதியில் வந்த கேள்வி இது. கேட்டவன் அதோடு விடவில்லை. "மேட்டூர்ல திறந்த தண்ணி நம்மூருக்கு வர எத்தன நாளாவுது! சுவிட்சு போட்டா மட்டும் எப்புடி டீச்சர் உடனே எரியுது?"

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. என் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். சரியான கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, வெடித்துக் கிடக்கும் வாய்க்காலெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. டிவியில் மலர் தூவுவதைப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து காத்திருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பதிலையும் அவன் வாய்க்காலிலிருந்தே எடுத்தேன். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வர நாளாகும். ஏற்கெனவே கரை தொட நிரம்பி நிற்கிற வாய்க்காலில் தலைப்பில் கொஞ்சம் தள்ளினால்? கடைசி மடையிலும் தண்ணீர் அசையும். செம்புக் கம்பி நிரம்பிய வாய்க்கால். எலக்ட்ரான் அதற்குள் முதலிலிருந்தே இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் தள்ளல் மட்டும் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகிறது. எலக்ட்ரான் நகர்வதோ நத்தை நடை, நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதுவும் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. "அப்ப எங்க வீட்டு எலக்ட்ரான் எங்க வீட்டுலயேதான் கெடக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்புறம் எதுக்கு டீச்சர் பில்லு போடுறாங்க?"

அதற்கு மறுநாள்தான் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தது. (எலக்ட்ரானுக்குக் காசில்லை, ஆட்டிவைப்பதற்கான ஆற்றலுக்குத்தான் காசு. யூனிட் என்று மீட்டரில் ஓடுவது அந்த ஆற்றலின் கணக்கு.)

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்றதும் எனக்கு இந்த வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. வீடியோ இல்லாமல் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. கரும்பலகையில் நான் வரையும் நேர்கோட்டுக்குள் எலக்ட்ரான் நகர்வதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருந்தாலும் பிறந்திருக்காது. மேட்டூர் என்றால் என்ன என்று அந்த வீடியோவுக்குத் தெரியாது.

பி.எட். வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஒன்று சொன்னார்: பாடம் தெரிந்திருப்பது ஒன்று, பாடம் நடத்தத் தெரிந்திருப்பது ஒன்று, இந்த இரண்டையும் கூட்டினால் வராத மூன்றாவது அறிவு ஒன்று ஆசிரியருக்கு இருக்கிறது. குறிப்பிட்ட பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குவார்கள், அங்கே எந்த உவமை கைகொடுக்கும் என்கிற அறிவு அது. 2006-இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்து டிபேக் என்ற சட்டகத்தை உருவாக்கினார்கள். மூன்று வட்டம் போட்டு, நடுவில் வெட்டும் இடத்தில் நிழல் தீட்டி, ரெக்கார்டு நோட்டில் எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அந்த நிழல் தீட்டிய இடம் என்னவென்று அன்றைக்கு அந்தப் பையன் கேட்டபோதுதான் உறைத்தது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கருவிகளுக்குக் குறைவில்லை. 2011-இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப். 2018-இல் புதிய பாடநூல்களோடு க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்ற அறிவிப்பு. 2023-இல் பாடங்களை வீடியோவாகத் தரும் மணற்கேணி செயலி. பட்டியலைப் பார்த்தால் மேட்டூரில் மதகு நன்றாகவே திறந்திருக்கிறது. என் கேள்வியெல்லாம் கடைசி பெஞ்சைப் பற்றியது.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன், டெல்டாவுக்கு இந்த விஷயத்தில் முந்நூறு வருஷ அனுபவம் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். சில வருஷங்களில் அதே ஊருக்கு அச்சு இயந்திரத்தை வரவழைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டு முடித்தார். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். அன்றைய உலகின் புதிய தொழில்நுட்பம் ஒரு கையில், மணல் மறு கையில்.

மணலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்து அதையே தன் முறையாக்கிக்கொண்டார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார்; இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்வந்த கதை.

மணலுக்கு ஒரு குணம் உண்டு. முப்பது பிள்ளை இருந்தால் முப்பது விரலும் எழுதும். தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. சிலேட்டுக்கு வேறு குணம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன், காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுப் புத்தகங்களில் நிரூபணம் இல்லாமல் முடிவுகள் மட்டும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். எழுதுகிற கருவி எண்ணத்தின் எந்தப் பகுதி மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறது.

அந்தக் கணக்கில் ஸ்மார்ட் போர்டைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தொட்டால் பூமி சுற்றுகிறது, இதயம் துடிக்கிறது. ஆனால் தொடுகிற விரல் ஒன்றே ஒன்று, பெரும்பாலும் ஆசிரியருடையது. மணலில் முப்பது விரலாக இருந்தது போர்டில் ஒன்றாகிவிட்டது. விலை மட்டும் ஏறியிருக்கிறது.

கருவியை வைத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடுமா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் ஏறவில்லை என்று சொன்னது. டெல்லியில் நேர்மாறான முடிவு. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பள்ளி நேரம் போக ஒரு மையத்தில், நாலரை மாதம். கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவாகவே முன்னேறினார்கள். வித்தியாசம் எங்கே? அந்த மென்பொருள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுக்கவில்லை. அவனுக்கு நான்காம் வகுப்புக் கழித்தலே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பித்தது. காட்டுவதை விடக் கண்டுபிடிப்பதில் அது கெட்டியாக இருந்தது.

எனக்குப் பிடித்த சோதனை காளிகுப்பத்தில் நடந்தது. சுனாமி பாதித்த கடலோரத் தமிழ்க் கிராமம். 1999-இல் டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்துப் பிரபலமானாரே சுகதா மித்ரா, அவர் இங்கேயும் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். அதில் டிஎன்ஏ பற்றிய பாடம், அதுவும் ஆங்கிலத்தில். சொல்லித்தர யாரும் இல்லை. தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் இரண்டரை மாதத்தில் பூஜ்யத்திலிருந்து சுமார் 30 மதிப்பெண்ணுக்கு வந்தார்கள். கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, "பார், வாத்தியாரே வேண்டாம்" என்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கப்புறமும் நடந்தது. பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு இளம்பெண்ணைக் கூட நிற்கச் சொன்னார்கள். அவருக்கு உயிரியல் தெரியாது. வேலை ஒன்றுதான்: பாட்டி மாதிரிப் பின்னால் நின்று, "அட, இதை எப்படிச் செஞ்சே? எனக்கும் காட்டேன்" என்று கேட்பது. மதிப்பெண் சுமார் 50-க்கு ஏறியது.

சுகதா மித்ராவின் முடிவுகளைக் கேள்வி கேட்கிறவர்கள் நிறையப் பேர், நானும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த 30-க்கும் 50-க்கும் நடுவில் நின்ற பெண்ணை மறக்க முடியவில்லை. பாடமே தெரியாத ஒருவர் பின்னால் நின்றதற்கு இவ்வளவு. பாடமும் தெரிந்து, பிள்ளையின் ஊரும் தெரிந்த ஒருவர் நின்றால் எவ்வளவு?

மைண்ட்ஸ்பார்க் கதையின் சாரம் நம் ஊருக்கு வராமலில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சிநூல் கொடுத்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்து, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் முதல் தேதிதான் திரும்பத் திறந்தது. எழுத்தே மறந்து வந்த பிள்ளைகளுக்கு அதுதான் சரியான மருந்து. பெயரும் அழகு, அரும்பு என்றால் எந்தப் பிள்ளைக்கும் முகம் சுண்டாது.

சிக்கல் தகவல் ஓடும் திசையில். வருகைப் பதிவு, மதிப்பீடு, பயிற்சி முடித்த சான்று என்று எல்லாம் செல்போன் வழியாக மேலே ஏறுகிறது. ஆசிரியர் அறையில் நான் பார்த்தவரை, காலை ஒன்பதரைக்கு டவர் கிடைக்கும் ஜன்னலோரம்தான் பள்ளியின் பரபரப்பான இடம். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், முதல் பீரியட் அதற்குள் பாதி கரைந்துவிடும். இப்படி ஏறிப்போன தகவலிலிருந்து "உன் வகுப்பில் இந்த ஆறு பேருக்குப் பின்னம் புரியவில்லை, நாளைக்கு அதை மறுபடி எடு" என்று ஒரு வரி திரும்ப வந்தால் எந்த ஆசிரியரும் அலுத்துக்கொள்ள மாட்டார். தண்ணீர் மேலேறுகிற வாய்க்காலை வைத்து விவசாயம் பண்ண முடியாது.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் பிளஸ் ஒன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்த கடைவாசலில் காசு கொடுத்துக் காத்துக் கிடந்தோம். பள்ளி திறந்த அன்று இயற்பியல் சார், லைன்மேன்கள் வெட்டிப் போட்ட மின்கம்பித் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். முறுக்கைப் பிரித்துக் காட்டினார். வெளியே அலுமினியப் புரி, நடுவில் எஃகு. "கரண்ட்டைத் தூக்கிட்டுப் போறது அலுமினியம், அலுமினியத்தைத் தூக்கிட்டுப் போறது இரும்பு" என்றார். கைக்குக் கை மாறிக் கடைசி பெஞ்ச் வரை வந்தது அந்தக் கம்பி. புயல் சாய்த்த கம்பத்திலிருந்து வந்த துண்டு. அதை விட நல்ல கற்பித்தல் உபகரணத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, பயிற்சிக்காக நான் தெர்மாகோலில் செய்து ஒட்டியவை உட்பட.

அடுத்த இரண்டு வருஷத்தில் கொரோனா. கல்லூரி முதலாண்டை நான் செல்போனில் படித்தேன். வீட்டில் இருந்தது ஒரு ஸ்மார்ட்போன், அப்பாவுடையது. அவர் வயலுக்குப் போகும்போது தம்பிக்கும் எனக்கும் விட்டுப் போவார். யாருக்கு எப்போது பரீட்சை என்று அம்மாதான் தீர்ப்பு சொல்வார். தம்பிக்குப் பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சிதான். அதில் சந்தேகம் கேட்க முடியாது, ஆனால் டேட்டாவும் தீராது. அதனால் ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்புக்கு எதை எடுத்துப்போனாலும் கரண்ட் போனால் என்ன, நெட் போனால் என்ன என்று இரண்டு ஏற்பாடு பாடக்குறிப்பிலேயே எழுதிவிடுவேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இதற்குத் தோது. இலவசம். ஒரு முறை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையமில்லாமல் ஓடும். பேட்டரி, கம்பி, பல்பு மூன்றையும் பிள்ளையே இழுத்துப் பொருத்தலாம். தப்பாகப் பொருத்தினால் திரையில் தீப்பிடிக்கும். வீட்டில் யாருக்கும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

இப்போது எங்கள் பேட்சில் எல்லோரும் பேசுவது ஏ.ஐ. பற்றித்தான். ஓம் விதிக்குப் பாடக்குறிப்பு கேட்டேன், ஒரு நிமிஷத்தில் வந்து விழுந்தது. நோக்கம், ஊக்குவித்தல், மதிப்பீடு எல்லாம் அச்சடித்த மாதிரி. பாடநூலில் மின்தடை என்று இருப்பதை அது 'மின் எதிர்ப்பு' என்று எழுதியிருந்தது. பிள்ளை அப்படியே பரீட்சையில் எழுதினால் திருத்துகிறவர் சுழித்துவிடுவார். ஊக்குவித்தலுக்கு அது கொடுத்த உதாரணம் நெடுஞ்சாலை டோல்கேட்டில் நிற்கும் கார்கள். என் வகுப்பில் எத்தனை பேர் டோல்கேட்டைத் தாண்டிக் காரில் போயிருப்பார்கள்? அதை ஷட்டர் பாதி இறக்கிய மதகு என்று மாற்றினேன். இப்படி வெட்டி ஒட்டத் தெரிகிறவருக்கு அது நல்ல உதவியாள். வந்து விழுந்ததை அப்படியே ரெக்கார்டில் ஏற்றுகிறவருக்கு ரெக்கார்டு மட்டும்தான் முடியும்.

கடைசியாக லேபில் நான் மாற்றிய ஒரு சின்ன விஷயம். பத்து கம்ப்யூட்டர், முப்பது பேர், ஒன்றுக்கு மூன்று பேர். முதல் வாரம் முழுக்கக் கவனித்தேன். மவுஸ் எப்போதும் ஒரே கையில். பெரும்பாலும் வீட்டில் கம்ப்யூட்டர் பார்த்த பையன். இரண்டாமவன் யோசனை சொல்வான். மூன்றாவது ஆள், அநேகமாக ஒரு பெண், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து திரையை எட்டிப் பார்ப்பாள். பாடம் முடிந்து கேட்டால் அவளும் "புரிஞ்சுது டீச்சர்" என்பாள்.

தண்ணீர் குறைவாக வரும் வருஷத்தில் ஊரில் முறை வைப்பார்கள். இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால். மணிக்கணக்கு எழுதி வைத்து, மண்வெட்டியோடு ஆள் நிற்கும். கைடு சாரிடம் கேட்டுக்கொண்டு லேபிலும் அப்படியே வைத்தேன். கரும்பலகையில் "மவுஸ் முறை" என்று தலைப்பு, ஆளுக்கு எட்டு நிமிஷம், மவுஸ் பிடிக்காதவர்கள் நோட்டில் படம் வரைய வேண்டும். முறை கடைமடையிலிருந்து ஆரம்பம், அதாவது விளிம்பில் உட்கார்ந்திருப்பவர் முதலில். தண்ணி விட மாட்டேன் என்கிற மேல்மடைக்காரர் மாதிரி இரண்டு பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னாளே, அவள் முறை வந்தது. மவுஸை வழுக்கும் மீனைப் பிடிப்பது போலப் பிடித்தாள். கம்பியை இழுத்தாள், விட்டுப்போனது, மறுபடி இழுத்தாள். பேட்டரியைத் திருப்பிப் போட்டாள், பல்பு எரிந்தது. இன்னொரு தடவை திருப்பினாள், அப்போதும் எரிந்தது. நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பக்கமும் எரியுதே டீச்சர். அப்பறம் எதுக்கு பிளஸ், மைனஸ்னு போட்டிருக்கு?"

பக்கத்திலிருந்த பையன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் எட்டு நிமிஷத்தில் இன்னும் மூன்று பாக்கி இருந்தது. அவனைக் கையமர்த்திவிட்டு, ஒரு எல்இடியை இழுத்துப் பொருத்திப் பார்க்க வழியிருக்கிறதா என்று பெட்டியைத் தேட ஆரம்பித்தோம்.